தோல் பின்னால் போகவில்லை என்றால் நோயா? முன்தோல் இறுக்கம் பற்றி ஒரு விளக்கம்

மூன்று வயதுப் பையனைக் காய்ச்சலுக்குக் காட்டப் போகிறார்கள். மருத்துவர் உடம்பு முழுக்கப் பார்த்துவிட்டு, சீட்டின் ஓரத்தில் ‘ஃபைமோசிஸ்’ என்று ஒரு சொல்லையும் எழுதிவிடுகிறார். வீட்டுக்கு வந்து செல்போனில் அந்தச் சொல்லைத் தேடினால் லேசர் சிகிச்சை, தையல் கிடையாது, அன்றே வீடு திரும்பலாம் என்று வரிசையாக விளம்பரங்கள். அன்று இரவு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தூக்கம் இல்லை.

இன்னொரு வீட்டில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர். சில மாதங்களாக முன்தோல் இறுகிக்கொண்டே வருகிறது. ஓரத்தில் வெடிப்பு, எரிச்சல். மனைவியிடம்கூடச் சொல்லாமல் மருந்துக்கடையில் ஏதோ ஒரு படைக் களிம்பை வாங்கித் தடவிக்கொண்டிருக்கிறார்.

முதல் வீட்டில் அநேகமாக எதுவுமே செய்ய வேண்டியதில்லை. இரண்டாவது வீட்டில் இருப்பவர் இந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதுதான் குழப்பத்தின் வேர்.

## முதலில், முன்தோல் எப்படி இருக்கிறது?

ஆண்குறியின் முனையை மொட்டு என்கிறோம். அதை மூடியிருக்கும் இரட்டை மடிப்புத் தோல்தான் முன்தோல். வெளிப்பக்கம் சாதாரணத் தோல். உட்பக்கம் உதட்டின் உள்பகுதியைப் போல ஈரமான மெல்லிய சவ்வு.

பிறக்கும்போது இந்த உட்பக்கச் சவ்வு மொட்டோடு ஒட்டியே இருக்கும். நகம் அடிச்சதையோடு ஒட்டியிருக்கிறதே, அதுபோல. அதனால் பச்சைக் குழந்தைக்குத் தோல் பின்னுக்குப் போகாது, போகவும் கூடாது. சிறுநீரும் மலமும் படும் துணியில் கிடக்கும் குழந்தைக்கு அந்த மூடல் ஒரு காப்பு. வளர வளர இரண்டு பரப்புக்கும் நடுவில் செல்கள் உதிர்ந்து, ஒட்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுபடுகிறது. அவ்வப்போது ஏற்படும் விறைப்பும் தோலின் வாயைத் தளர்த்துகிறது. இது நடந்து முடியச் சிலருக்கு மூன்று வருடம் ஆகும், சிலருக்குப் பதினைந்து வருடம்கூட ஆகும்.

‘ஃபைமோசிஸ்’ என்ற பெயர் கிரேக்கத்தில் வாய்ப்பூட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. உழவின்போதும் போரடிக்கும்போதும் மாடு தானியத்தில் வாய்வைக்காமல் இருக்க வாய்க்கூடு கட்டுவார்களே, அதுதான். முன்தோலின் வாய் குறுகி, மொட்டு வெளியே வர முடியாத நிலைக்கு இந்தப் பெயர். தமிழில் முன்தோல் இறுக்கம், முன்தோல் குறுக்கம் என்று எழுதுகிறார்கள். வீட்டுப் பேச்சில் ‘தோல் பின்னால போகல’ என்பதோடு சரி.

## எந்த வயதில் பின்னுக்குப் போக வேண்டும்?

‘மூன்று வயதுக்குள் போயாக வேண்டும்’ என்ற எண்ணம் இன்றும் பலரிடம் இருக்கிறது. அதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1949இல் பிரிட்டனைச் சேர்ந்த டக்ளஸ் கெய்ர்ட்னர் என்ற குழந்தை மருத்துவர் முன்தோல் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். பிறந்த குழந்தைகளில் 4 சதவீதத்தினருக்குத்தான் முன்தோல் முழுதாகப் பின்னுக்குப் போகிறது என்று அவர் காட்டியது பெரிய திருப்பம். காரணமில்லாமல் குழந்தைகளுக்குச் சுன்னத் செய்யும் வழக்கம் பிரிட்டனில் குறைய அந்தக் கட்டுரை உதவியது. ஆனால் மூன்று வயதில் 90 சதவீதத்தினருக்குப் போய்விடும் என்றும் அவர் எழுதியிருந்தார். அந்த எண்தான் பாடநூல்களில் தங்கிவிட்டது.

பின்னால் வந்த ஆய்வுகள் அவ்வளவு வேகமான கணக்கைத் தரவில்லை. டென்மார்க்கில் யாகோப் ஓஸ்டர் பள்ளிச் சிறுவர்கள் ஏறக்குறைய 2000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1968இல் எழுதினார். 6, 7 வயதில் 8 சதவீதத்தினருக்கு இறுக்கம் இருந்தது. 16, 17 வயதில் அது 1 சதவீதம். மொட்டோடு ஒட்டியிருக்கும் நிலை 63 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக இறங்கியது. 1996இல் ஜப்பானில் வெளியான ஆய்வில் 11 முதல் 15 வயதுப் பையன்களில்கூடச் சுமார் 63 சதவீதத்தினருக்குத்தான் முழுதாகப் பின்னுக்குப் போனது.

எண்கள் நாட்டுக்கு நாடு மாறினாலும் போகும் திசை ஒன்றுதான். ஒட்டு தானாகவே விடுகிறது, அதற்கு நேரம் எடுக்கிறது. மூன்று வயதில் போகவில்லை என்பதை மட்டும் வைத்து ஒரு பிள்ளையை அறுவைக்கு அனுப்புவதற்கு இந்தக் கணக்குகளில் எந்த ஆதரவும் இல்லை.

## ஒரே பெயர், இரண்டு நிலை

மருத்துவர்கள் முன்தோல் இறுக்கத்தை இயல்பானது, நோயால் வந்தது என்று பிரிக்கிறார்கள். பிரித்துப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கண் போதும்.

1. இயல்பான இறுக்கத்தில் தோல் மென்மையாக, ஆரோக்கியமாக இருக்கும். மெதுவாகப் பின்னுக்கு இழுத்தால் உட்பக்கச் சவ்வு இளஞ்சிவப்பாக வெளியே பிதுங்கும், பூ விரிவதுபோல. சுருக்குப்பையின் வாய் மாதிரி மடிப்புகள் இருக்கும், மடிப்புகள் நெகிழும். வலியோ புண்ணோ இருக்காது.

2. நோயால் வந்த இறுக்கத்தில் தோலின் வாயில் வெள்ளையாக, கெட்டியாக ஒரு வளையம் தெரியும். அது தழும்பு. இழுத்தால் உட்சவ்வு பிதுங்காது, வளையம்தான் முன்னால் நிற்கும். வெடிப்பு, ரத்தக் கசிவு, வலி இருக்கலாம்.

3. காலக்கணக்கு இன்னொரு தடயம். பிறந்ததிலிருந்தே போகாமல் இருப்பது ஒன்று. முன்பு நன்றாகப் போய்க்கொண்டிருந்த தோல் இப்போது போகவில்லை என்பது வேறு. இந்த இரண்டாவது, எந்த வயதில் நடந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டிய மாற்றம். ‘போகிறதா’ என்பதைவிட ‘முன்பு போனதா’ என்று கேட்பதுதான் அதிகம் சொல்லும்.

தழும்பு எங்கிருந்து வருகிறது? அடிக்கடி வரும் அழற்சி, பலவந்தமாக இழுத்ததில் ஏற்பட்ட கிழிசல், லைக்கன் ஸ்க்லெரோசஸ் என்ற தோல்நோய் ஆகியவை முக்கியக் காரணங்கள். லைக்கன் ஸ்க்லெரோசஸ் தொற்றுநோய் இல்லை, பால்வினை நோயும் இல்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே தோலைத் தாக்குவதால் வருவதாகக் கருதப்படுகிறது. ஐந்து வயதுக்கு முன் இது அரிது. வெள்ளைத் திட்டாகத் தொடங்கி, தோலை இறுக்கி, சிலருக்குச் சிறுநீர்த் துவாரத்தையும் உள்ளே சிறுநீர்க் குழாயையும் குறுக்கிவிடும். ‘தோல்தானே’ என்று விட்டுவிடக் கூடாத நிலை இது ஒன்று.

## பெற்றோரை அநாவசியமாகப் பயமுறுத்தும் மூன்று

சிறுநீர் போகும்போது பலூன்போல உப்புவது. ஒட்டு விடத் தொடங்கியிருக்கிறது, வாய் இன்னும் சிறியதாக இருக்கிறது என்பதுதான் இதற்குப் பொருள். வலி இல்லாமல், சிறுநீர் நன்றாக வந்தால் இது கடந்துபோகும் கட்டம். முக்கி முக்கிப் போகிறான், சொட்டுச் சொட்டாக வருகிறது என்றால்தான் காட்ட வேண்டும்.

தோலுக்கு அடியில் வெள்ளை முத்துகள். அரிசி அளவுக்கு மஞ்சள் கலந்த வெள்ளையில் கட்டி தெரியும். சீழ் என்று நினைத்து ஓடி வருவார்கள். உதிர்ந்த செல்கள் சேர்ந்து உருண்டவை அவை. ஒட்டு விடும்போது தானாக வெளியே வரும். பிதுக்க வேண்டாம், ஆன்டிபயாட்டிக் வேண்டாம்.

நுனி சிவப்பது. ஈர டயப்பர், சோப்பு, கையால் தேய்த்தது என்று காரணங்கள் சின்னச் சின்னவை. ஒரு தடவை சிவந்து இரண்டு நாளில் ஆறினால் கவலை இல்லை. தோல் முழுவதும் வீங்கி, சீழ் வடிந்து, பிள்ளை அழுதால் அது அழற்சி, மருந்து வேண்டும்.

## எண்ணெய்க் குளியலும் இழுக்கும் கையும்

நம் வீடுகளில் குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது, மூக்கை நீவி, தலையை உருட்டி, ஆண் குழந்தையாக இருந்தால் முன்தோலையும் பின்னுக்குத் தள்ளி ஒரு சொட்டு எண்ணெய் விடும் பழக்கம் இருக்கிறது. ‘இப்பவே தள்ளி விட்டாத்தான் பின்னால தொந்தரவு வராது’ என்று அக்கறையோடுதான் செய்கிறார்கள். சில மருத்துவர்களேகூடத் தினமும் இழுத்துவிடச் சொல்லி அனுப்புகிறார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் அந்தக் கை நின்றுவிடும். ஒட்டியிருக்கும் இரு பரப்பையும் பிரித்தால் இரண்டு பக்கமும் பச்சைப் புண். வாயின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல். அது ஆறும்போது தழும்பு. தழும்பு சுருங்கும். அடுத்த நாள் மறுபடி இழுத்தால் மறுபடி கிழியும். இயல்பாக விலகியிருக்க வேண்டிய தோல், இப்படித்தான் சிலருக்கு உண்மையான நோயாக மாறுகிறது. பிள்ளைக்கு வலி என்பது தனி.

செய்ய வேண்டியது மிகக் குறைவு. வெளிப்பக்கம் வெதுவெதுப்பான நீரில் கழுவினால் போதும். தோல் தானாகப் போகத் தொடங்கியதும், எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு மட்டும் பையனே குளிக்கும்போது தள்ளி, நீரில் அலசி, உடனே முன்னுக்குக் கொண்டுவரக் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்தக் கடைசிப் படி முக்கியம். காரணம் பின்னால் வருகிறது.

## பெரியவர்களுக்கு வந்தால் சர்க்கரையைப் பாருங்கள்

முப்பதுக்கு மேற்பட்ட ஒருவருக்குப் புதிதாக முன்தோல் இறுகுகிறது என்றால் முதல் சந்தேகம் நீரிழிவின் மேல் விழ வேண்டும். தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதே இந்தத் தொல்லைக்காகப் போன இடத்தில்தான் பலருக்குத் தெரிய வருகிறது.

ரத்தத்தில் சர்க்கரை ஓர் அளவைத் தாண்டினால் சிறுநீரிலும் இறங்கும். சிறுநீர் கழித்தபின் முன்தோலுக்குள் தங்கும் ஒன்றிரண்டு சொட்டு, ஈஸ்ட் வகைப் பூஞ்சைக்கு விருந்து. அரிப்பு, சிவப்பு, தயிர்போல வெள்ளைப் படிவு, பிறகு ஓரத்தில் மெல்லிய வெடிப்புகள். வெடிப்பு ஆறித் தழும்பாகிறது, வாய் குறுகுகிறது. குறுகினால் கழுவ முடியாது, கழுவாவிட்டால் பூஞ்சை பெருகும். சர்க்கரை கட்டுக்குள் வராமல் இந்தச் சுற்று நிற்காது. எவ்வளவு களிம்பு தடவினாலும் திரும்பத் திரும்ப வரும்.

இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு மதிப்பிட்டது. பெரியவர்களில் 11.4 சதவீதம். அதனால் இது ஏதோ அபூர்வமான சங்கதி இல்லை.

இதில் சமீபத்தில் சேர்ந்த ஒரு விஷயமும் உண்டு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள், அதிகச் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதன் மூலம் வேலை செய்கின்றன. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்யும் மருந்துகள். முதலாவதற்கு 2020இலும், இரண்டாவதற்கு 2025இலும் இந்தியாவில் காப்புரிமை முடிந்து, விலை இறங்கி, இப்போது ஏராளமானோர் எடுத்துக்கொள்கிறார்கள். சிறுநீரில் சர்க்கரை கூடுவதால் பிறப்புறுப்புப் பூஞ்சைத் தொற்று இவற்றின் தெரிந்த பக்கவிளைவு. மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம். அரிப்போ வெடிப்போ தொடங்கினால் சர்க்கரை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். சிறுநீர் கழித்ததும் நீரால் கழுவி, ஒற்றித் துடைத்து உலர வைப்பது பலருக்கு நல்ல பலன் தரும்.

கடைக் களிம்பு பற்றி ஒரு வார்த்தை. படைக்கு என்று கொடுக்கும் பல களிம்புகளில் வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கும். முதல் இரண்டு நாள் எரிச்சல் அடங்கி, குணமானதுபோல இருக்கும். அடியில் பூஞ்சை வளரும். மருத்துவர் பார்க்கும்போது எது நோய், எது களிம்பின் வேலை என்று பிரிப்பதே கடினமாகிவிடும்.

வயதானவர்களுக்கு இன்னொரு காரணத்துக்காகவும் இறுக்கத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. மூடியே கிடக்கும் தோலுக்குள் கட்டியோ ஆறாத புண்ணோ இருந்தால் வெளியே தெரியாது. ஆண்குறிப் புற்றுநோய்க்கான அபாயக் காரணங்களில் நீண்டகால முன்தோல் இறுக்கமும் ஒன்று. உடலுறவு வழியாகப் பரவும் எச்.பி.வி. வைரஸ், புகைப்பழக்கம் ஆகியவை மற்றவை. நோய் அரிதுதான். ஆனால் துர்நாற்றமுள்ள கசிவு, ரத்தம், தோலுக்கு அடியில் தடிப்பு என்று எது இருந்தாலும் உள்ளே திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

இளைஞர்கள் இறுக்கம் என்று நினைப்பது சில சமயம் வேறொன்று. மொட்டின் அடியில் முன்தோலைப் பிடித்திருக்கும் மெல்லிய தோல் மடிப்பு ஒன்று உண்டு. அதன் லத்தீன் பெயருக்குச் சின்னக் கடிவாளம் என்று பொருள். அது குட்டையாக இருந்தால் விறைக்கும்போது சுரீர் என்று இழுக்கும், முதல் உடலுறவில் கிழிந்து ரத்தம் வரவும் கூடும். இதற்குச் சின்னத் திருத்தம் போதும், முன்தோல் முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை.

## உடனே ஓட வேண்டிய ஒரே நிலை

இறுக்கமான தோலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு அப்படியே விட்டால், அந்த வாய் மொட்டுக்குப் பின்னால் ரப்பர் பேண்டு போட்டதுபோலக் கவ்விக்கொள்ளும். ரத்தம் உள்ளே போகும், திரும்பி வர முடியாது. மொட்டு வீங்கும், வீங்கினால் கவ்வல் இன்னும் இறுகும். இதற்குப் பாராஃபைமோசிஸ் என்று பெயர். பல மணிநேரம் போனால் மொட்டுக்கு ரத்த ஓட்டமே நின்றுவிடலாம்.

குளித்தபின், உடலுறவுக்குப்பின் தோலை முன்னுக்குக் கொண்டுவர மறப்பதால் இது நடக்கிறது. அதிகம் கவனிக்கப்படாத இன்னொரு இடம் மருத்துவமனைக் கட்டில். படுத்த படுக்கையில் இருக்கும் பெரியவருக்குச் சிறுநீர் டியூப் போடும்போது தோலைத் தள்ளுகிறார்கள், டியூப் உள்ளே போனதும் முன்னுக்குக் கொண்டுவர விட்டுப்போகிறது. அவரால் வலியைச் சொல்லவும் முடியாமல் இருக்கலாம். கூட இருப்பவர்கள் டியூப் போட்ட பிறகு ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

மொட்டை விரல்களால் சில நிமிடங்கள் மென்மையாக அழுத்திப் பிடித்து, வீக்கம் தணிந்தபின் தோலை முன்னுக்கு நகர்த்திப் பார்க்கலாம். வரவில்லை என்றால், எந்த நேரமானாலும், நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

## இவை இருந்தால் நாள் குறித்து மருத்துவரைப் பாருங்கள்

1. முன்பு பின்னுக்குப் போன தோல் இப்போது போகவில்லை.
2. நுனியில் வெள்ளை வளையம், தடிப்பு, திரும்பத் திரும்ப வெடிப்பு.
3. சிறுநீர் முக்கிப் போவது, நூல்போல வருவது, சொட்டுவது.
4. ஒரே வருடத்தில் பலமுறை அழற்சி, அல்லது காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று.
5. விறைப்பிலோ உடலுறவிலோ வலி.
6. வளரிளம் பருவம் முடியும் கட்டத்திலும் தோல் கொஞ்சமும் நகரவில்லை.

சிறுவர்களுக்குக் குழந்தை மருத்துவர் அல்லது குழந்தைகள் அறுவை நிபுணர், பெரியவர்களுக்கு யூராலஜிஸ்ட் (சிறுநீர்ப் பாதை நிபுணர்) அல்லது தோல்நோய் மருத்துவர். லாட்ஜில் மாதம் ஒருநாள் அறை எடுத்து ‘ஆண்மைக் குறைவு’க்குப் பார்க்கும் வைத்தியர்களிடம் இதைக் கொண்டுபோகாதீர்கள். முன்தோல் இறுக்கத்துக்கும் ஆண்மைக்கும் தொடர்பில்லை. கூச்சம் இருந்தால் நீளமாக விளக்க வேண்டியதும் இல்லை. ‘தோல் பின்னால போகல, எரியுது’ என்று சொன்னால் போதும், மீதியை அவர் கேட்டுக்கொள்வார்.

## சிகிச்சை: கத்தி கடைசியில்

சிறுவர்களுக்கு முதல் சிகிச்சை ஸ்டீராய்டு களிம்பு. பெட்டாமெத்தசோன் போன்ற ஒன்றை, தோலின் இறுகிய வாயில் மட்டும், மெல்லிய படலமாக, தினம் இரண்டு வேளை, நான்கு முதல் எட்டு வாரம் தடவச் சொல்வார்கள். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன காலத்துக்கு, அவ்வளவு சின்ன இடத்தில் போடுவது பாதுகாப்பானது. அது தோலை மெலிதாக்கி நெகிழவைக்கிறது. வலிக்காத அளவுக்கு மட்டும் மெதுவாகத் தள்ளிப் பழக வேண்டும். பெரும்பாலான சிறுவர்களுக்கு இதிலேயே சரியாகிவிடுகிறது. நுனியில் தடவாமல் தோல் முழுக்கப் பூசுவதும், ஒரு வாரத்தில் நிறுத்திவிடுவதும்தான் பலன் கிடைக்காததற்கு வழக்கமான காரணங்கள்.

களிம்பில் சரியாகாதபோதும், தழும்பு கெட்டியாக இருக்கும்போதும், லைக்கன் ஸ்க்லெரோசஸ் உறுதியானபோதும் அறுவைக்குப் போவார்கள். வாயை மட்டும் அகலப்படுத்தித் தோலைக் காப்பாற்றும் முறை ஒன்று. முன்தோலை முழுதாக எடுத்துவிடும் சுன்னத் இன்னொன்று. லைக்கன் ஸ்க்லெரோசஸுக்குப் பெரும்பாலும் பின்னதுதான், எடுத்த தோலைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவதும் அவசியம். விளம்பரங்களில் வரும் லேசரும் ஸ்டேப்ளரும் வெட்டுவதற்கான கருவிகள் மட்டுமே. வெட்ட வேண்டுமா என்ற கேள்விக்கு அவை பதில் இல்லை. பெரியவர்களுக்கு ஆறுவதற்குச் சில வாரங்கள் ஆகும், நான்கு முதல் ஆறு வாரம் உடலுறவைத் தவிர்க்கச் சொல்வார்கள்.

‘சுன்னத் செய்தால் சிறுநீர்த் தொற்று வராதாமே’ என்று சிலர் கேட்பார்கள். குறைகிறது, உண்மை. ஆனால் வேறு குறை எதுவும் இல்லாத பையன்களில் ஒரு தொற்றைத் தடுக்க 111 பேருக்கு அறுவை செய்ய வேண்டியிருக்கும் என்று 2005இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு கணக்கிட்டது. மதக் கடமையாகச் செய்பவர்களின் முடிவு தனி, அதை இந்தக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை.

பிறவியிலேயே சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் இருக்கும் குழந்தைகளுக்கு எக்காரணம் கொண்டும் அவசரப்பட்டு முன்தோலை எடுக்கக் கூடாது. அந்தக் குறையைச் சரிசெய்யும் அறுவைக்கு அந்தத் தோல்தான் மூலப்பொருள்.

அறுவை வேண்டும் என்று யாராவது சொன்னால், கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: தழும்பு இருக்கிறதா, எங்கே, எனக்குக் காட்ட முடியுமா? களிம்பை முழுக் காலமும் போட்டுப் பார்த்தாயிற்றா, இல்லை என்றால் ஏன் வேண்டாம்? இன்னும் ஆறு மாதம் காத்திருந்தால் என்ன கெட்டுவிடும்?